கறுப்பு மூடி

பத்து வருஷமாக என் காதை நம்பின அண்ணன், இன்றைக்கு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொள்கிறாள் தங்கை. பட்டறைக்குள் சாயங்கால வெயில் நீண்டு, பானெட் திறந்த பழைய காரின் என்ஜின் மேல் விழுகிறது. அண்ணனும், கல்யாணமாகி மூன்றே மாதமான அண்ணியும் தலையோடு தலை முட்டக் குனிந்திருக்கிறார்கள். காரிலிருந்து கழற்றிய பழைய ரெகுலேட்டரும் அதன் கறுப்பு மூடியும் தங்கையின் மடியில் கிடக்கின்றன. பாட்டரிக்கு ஏறும் வோல்டேஜ் எகிறாமல் தடுக்க அது டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும்; அந்தச் சத்தத்தை வைத்தே, உள்ளே தட்டும் முனைகளின் இடைவெளியைத் திருத்துவாள் அவள். அண்ணி செய்துவந்திருக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்குச் சத்தமே இல்லை. அதை மாட்டியதும் என்ஜின் உறுமுகிறது. மீட்டர் முள் ஆணி அடித்தாற்போல் பதினான்கு வோல்டில் நிற்கிறது. “அசையுதா பாரு! கெட்டிக்காரிடி நீ” என்று அண்ணன், அண்ணியின் கன்னத்துக் கிரீஸைக் கட்டைவிரலால் துடைக்கிறான். “அய்யோ, உங்க தங்கச்சி பாக்கறா” என்று அண்ணி விலகுகிறாள். தங்கை பார்ப்பது அந்தக் கட்டைவிரலைத்தான். போன வருஷம்வரை அது ‘சபாஷ்’ என்று அவளைப் பார்த்துத்தான் உயரும். “அந்தப் பழசோட மூடியக் குடும்மா. இதை உள்ள வச்சு மூடிட்டா, பாக்கறவங்களுக்குப் பழசு மாதிரியே இருக்கும்” என்று அண்ணன் திரும்பாமலே கை நீட்டுகிறான். அவள் கறுப்பு மூடியைப் பழைய ரெகுலேட்டரின் மேலேயே பொருத்தி, இரண்டு திருகுகளையும் விரலாலேயே நிதானமாக முறுக்குகிறாள். “இது இதோட மூடிண்ணா” என்கிறாள்.