இரண்டாம் பாட்டில் குக்கர் விசில்

ஜெர்மன் பங்க் ராக் குழு ஒன்றின் கேசட்டைக் கல்லூரி நாளில் இரவல் வாங்கினேன். இரண்டு டேப்ரிக்கார்டர்களை எதிரெதிரே வைத்து, வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாதென்று சொல்லிவிட்டுத்தான் பதிவு செய்தேன். அப்படியும் இரண்டாம் பாட்டின் நடுவே குக்கர் விசிலும், அம்மா என் தங்கையைக் கூப்பிடும் குரலும் விழுந்துவிட்டன. "சான்ட்ரா, அடுப்ப அணைம்மா."

அம்மா இறந்த வருஷம் மழைத் தண்ணீரில் அந்தக் கேசட்டும் போய்விட்டது.

தொண்ணூற்றேழில் நண்பன் பிலிப் ஹாம்பர்கிலிருந்து அதே பாட்டுகள் அடங்கிய, உறை பிரிக்காத சிடி ஒன்றைக் கொண்டுவந்தான். "அப்ப சீந்த ஆளில்ல மச்சி. இப்ப அங்க எல்லாரும் இவனுங்களத்தான் தேடிக்கினு கீறாங்க."

அன்று கல்லறைத் திருநாள். அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு, நானும் சான்ட்ராவும் சாந்தோம் வீட்டுக்கு வந்து சிடியைப் போட்டோம். இரைச்சல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. இரண்டாம் பாட்டின் நடுவே குக்கர் விசில் அடித்தது.

"சான்ட்ரா, அடுப்ப அணைம்மா."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் குமிழைத் திருகும் சத்தம் கேட்டது.

"சரி, வந்து உக்காரு" என்றாள் அம்மா, பாட்டுக்கு நடுவே. கேசட்டில் இது இருந்ததில்லை.

சான்ட்ரா கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.