ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்

ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று பொய் சொல்லித்தான் டீச்சரம்மா கணவரை அந்த வெளிநாட்டு நகரத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் அங்கே ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தாள். ஆறு வருடமாக மகள் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிறவர் அவர்.

அரண்மனை, படகு, ஐஸ்கிரீம் என்று அவர் ரசிக்க ரசிக்க, டீச்சரம்மாவுக்கு மனசு குறுகுறுத்தது.

மதியம் அந்த உணவகத்து வாசலில் நின்று, "இங்கேயே சாப்பிடலாங்க" என்றாள்.

அவர் மறுபேச்சில்லாமல் உள்ளே நுழைந்தார்.

மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "அம்மாவைப் பன்னெண்டு மணிக்கே கூட்டிட்டு வர்றேன்னு காலையில சொல்லிட்டுப் போனீங்களேப்பா?" என்றாள்.

அவர் மனைவி பக்கம் திரும்பித் தலைகுனிந்தார்.

"உன் போன்ல விலாசத்தைப் பார்த்ததும் கால் நிக்கல. நீ தூங்கும்போதே ஓடி வந்துட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்றதுன்னுதான் தெரியல."