மூப்பரின் முதலிடம்

ஓட்டுக்கூரையின் கண்ணாடி வழியாக இறங்கும் காலை வெயில், வேதக்கோயில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் மூப்பர் வேதமாணிக்கத்தின் வழுக்கைத் தலையில் விழுகிறது. முப்பது வருஷமாகத் திருவிருந்து நாளில் அவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள். திராட்சரசப் பாத்திரத்தில் முதலில் படுவது அவர் உதடுதான். போன வாரம் ஞானஸ்நானம் பெற்ற சேரிக்காரர்கள் இன்று அதே பாத்திரத்தில் குடிக்கப் போகிறார்கள். தான் எழாமல் இருந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தார். ஒன்றும் நிற்கவில்லை, சபையே எழுந்து போய்விட்டது. பீடத்தின் முன்னால் மண்டியிட்ட முதுகுகள்தான் தெரிகின்றன. பழக்கதோஷத்தில் அவர்கள் விட்டுவைத்த முதலிடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. வெளியே அவருடைய வண்டிமாடு கழுத்துமணியை ஆட்டுகிறது. கைக்குட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். வரிசையின் கடைசியில் இருக்கும் ஆறுச்சாமி, சேரியிலிருந்து வந்தவன், திரும்பிப் பார்க்கிறான். “ஏனுங்கய்யா, வாங்க. உங்க எடம் அப்படியேதானுங்க இருக்குது.” அந்தக் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவர் உட்கார்ந்தே இருந்திருப்பார். எழுகிறார். காலியான முதலிடத்தைத் தாண்டி நடக்கிறார். ஆறுச்சாமிக்கும் அப்பால், சுவரோரம், மெல்ல முழங்காலூன்றுகிறார். ஆறுச்சாமி குடித்த பாத்திரம் அவர் முன்னால் வருகிறது. விளிம்பில் ஈரம் மினுங்குகிறது. மூப்பரின் முகத்தைப் பார்த்த பாதிரியார், அதைத் துடைக்க அவசரமாக வெள்ளைத்துணியை எடுக்கிறார்.

“தொடைக்க வேண்டாமுங்க,” என்கிறார் வேதமாணிக்கம். “அப்படியே குடுங்க.”