நடுரோட்டில் நிற்கும் முறை

பொழுது சாய்ந்துவிட்டால் பைபாஸில் ஓடும் டிரைவர் இல்லாத கார்கள், கையில் இன்சூரன்ஸ் பட்டை கட்டியவர்களுக்கு மட்டும்தான் நிற்கும். கட்டாதவன் அடிபட்டால் தப்பு அவனுடையது. இதற்கு ஒப்புக்கொண்டு பட்டை வாங்க நான் கைரேகை வைக்கவில்லை. என் மனைவி சீரங்காயி வைத்தாள்.

செவ்வாய்தோறும் அவளுக்கு டயாலிசிஸ். நேற்று முடிந்து வரும்போது இருட்டிவிட்டது. அவள் ரோட்டில் இறங்கினாள், கார்கள் நின்றன. பின்னாலேயே நான் இறங்கினேன். அவள் தாண்டியதுமே ஒரு கார் என் வேட்டியை உரசிக்கொண்டு பறந்தது. ஓரத்துக்கே துள்ளி வந்துவிட்டேன்.

அவள் திரும்பி நடுரோட்டுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். எல்லாக் கார்களும் நின்றன.

"உன் வீறாப்பை வீட்டுல வெச்சுக்க. நடய்யா!"

"முட்டி வலிக்குதுடி."

"சாலையை மறிக்கிறீர்கள். காப்பீடு ரத்தாகும்" என்றது பட்டை.

"நீ பேசாம கெட" என்று அதை அதட்டினாள்.

இருவரும் வீட்டுப் பக்கம் ஏறியதும் பட்டையின் விளக்கு அணைந்தது. இனி ஆயுசுக்கும் அவளுக்குப் பட்டை கிடையாதாம்.

இன்று காலை போய் நான் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். அடுத்த செவ்வாய் நடுரோட்டில் நான் நிற்பேன்; என் பட்டையும் அணைந்துவிடும். அதற்கடுத்த செவ்வாயை நினைத்தால்தான் உட்கார முடியவில்லை.