எதிர்மேசைப் பெட்டி

ஆவணக் காப்பகத்தில் தாத்தாவைத் தேடி வந்த மெக்கானிக்குக்கு வயிறு எரிகிறது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கையால் சற்று முன்புவரை அவன் புரட்டிக்கொண்டிருந்த பெட்டி, இப்போது எதிர்மேசையில், அதே குடும்பப் பெயர் கொண்ட ஒரு பெண்ணின் முன்னால் இருக்கிறது. "மன்னிச்சுக்குங்க சார், ஒரே பேருங்கிறதால மாத்திக் குடுத்துட்டேன். உங்களோடது இதுதான்" என்று எழுத்தர் வைத்துவிட்டுப் போன உறைக்குள் ஒரே ஒரு தாள்: துறைமுகக் கூலியாள், வயது இருபது, கட்டைவிரல் ரேகை. அவளுக்கோ நாற்பது கடிதங்கள், கப்பல் கேப்டனின் புகைப்படம். ஜன்னல் வெயில்கூட அதன்மீதுதான் விழுகிறது. இவன் தலைக்குமேல் டியூப்லைட் ரீங்கரிக்கிறது. கேப்டனுக்கு விடைத்த காது. இவனுக்கும் விடைத்த காதுதான். அவள் காதோ கம்மலோடு சமர்த்தாகத் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டாவி விட்டபடி அவள் எல்லாவற்றையும் சீட்டுக்கட்டுபோல வாரிப் பெட்டிக்குள் போடுகிறாள். இவனுக்குப் பொறுக்கவில்லை. "போட்டோ அடியில வராதுங்க. மகளுக்கு எழுதின லெட்டருக்கு மேல இருக்கணும்." அவள் நிமிர்கிறாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவன் தன் தாளிலிருக்கும் ரேகையை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறான். "பத்து நிமிஷம் அவர் எங்க தாத்தாவா இருந்தாரு."