பனிநரியை முந்த முடியவில்லை

"போதும். எல்லாத்தையும் நிறுத்திடப் போறேன்" என்றபடி நிலவறையிலிருந்து மேலே வந்தார் வெர்லின். கீழே அவருடைய ஒன்பது கணினிகளும் உறுமிக்கொண்டிருந்தன.

அவர் மனைவி ஆர்டிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ன சொல்றே வெர்லின்? வேற்றுக்கிரகத்துலேர்ந்து சிக்னல் வந்தா யார் கண்டுபிடிக்கிறது?"

"இன்டர்நெட்டுல பனிநரின்னு பேர் வச்சிருக்கானே, அவன் கண்டுபிடிக்கட்டும். விண்வெளிச் சத்தத்தை அதிகமா அலசினவங்க பட்டியல்ல நம்ம விஸ்கான்சின் மாநிலத்துக்கே அவன்தான் முதல். நான் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தா அவன் ரெண்டு சேர்க்கிறான். முகம் தெரியாத பயல், எத்தனைதான் வச்சிருக்கான்?"

"அவனுக்காக ஆராய்ச்சியை விடுவியா? மனித குலத்தை யோசிச்சுப் பாரு."

"யோசிச்சாச்சு. அதுக்கு நான் வேண்டாம்."

அவர் மாடியேறியதும் ஆர்டிஸ் எதிர்வீட்டு ஹார்லனுக்குப் போன் செய்தாள்.

"ஹார்லன், ஆபத்து. உங்க கம்ப்யூட்டரை உடனே நிறுத்துங்க. சர்ச்சுல ஓடறதையும், பல் டாக்டர்கிட்ட ஓடறதையும் நிறுத்தச் சொல்லுங்க. நாம எல்லாரும் சேர்ந்து பனிநரியை ரொம்ப வேகமா ஓட்டிட்டோம். மனுஷன் வெறுத்துட்டார்."

"ஐயோ. ஜெயிக்க விட்டா மட்டும் தொடருவாரா?"

"ஜெயிச்ச மறுநாளே திரும்ப முந்திடுவோம். அவருக்கு நேரம் மட்டும் கிடைக்கக் கூடாது."

மாடியில் ஏதோ பெட்டி திறக்கும் சத்தம். நான்கு வருடங்களுக்குப் பிறகு வெர்லினின் துருத்தி வாத்தியமான அக்கார்டியன் நீளமாக மூச்சை இழுத்து, ஒரு போல்கா நடனப் பாட்டைக் கொலை செய்ய ஆரம்பித்தது.

தெருவில் நாய்கள் ஊளையிட்டன.

"பிளக்கையே பிடுங்கிட்டேன் ஆர்டிஸ்" என்றார் ஹார்லன் போனில். "ஓடிப்போய்ச் சொல்லுங்க, பனிநரி படுத்துட்டான்னு."