தொட்டி கேட்ட விடுதலை

மண்ணுக்குள் புதைந்திருந்த கான்கிரீட் தொட்டி ஒன்றுக்குத் தன் வயிற்றிலிருந்த நீரின்மேல் தீராத எரிச்சல்.

"இரவும் பகலும் உன்னைச் சுமந்து என் இடுப்பு ஒடிகிறது. நீ தொலைந்தால்தான் எனக்கு நிம்மதி" என்றது.

"மழைக்காலம் முடியட்டும், அண்ணே. வெளியே நிலத்தடி நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அது உங்களை மேலே தள்ளிவிடாமல் நான்தான் அழுத்திப் பிடித்திருக்கிறேன்."

"குடியிருப்பது என் வீட்டில், பேச்சைப் பார், பேச்சை!" என்று தொட்டி நகைத்தது.

மறுநாள் தொட்டியைக் கழுவ வந்த ஆட்கள், மழைக்காலம் என்றும் பாராமல் நீர் முழுவதையும் இறைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தொட்டி நிம்மதியாக மூச்சு விட்டது. சற்று நேரத்தில் அதன் அடித்தளம் மெல்ல எழுந்தது.

"பார்த்தாயா, நான் உயர்கிறேன்!" என்று தன்னோடு இணைந்திருந்த குழாயிடம் கூவியது.

"உயரவில்லை அண்ணே, மிதக்கிறீர்கள்! என் கழுத்து முறிகிறது!" என்று கதறிய குழாய் இரண்டாக உடைந்தது.

தொட்டி ஒருபுறம் சாய்ந்து, பாதி வெளியே வந்து நின்றது.

மாலையில் தூறல் விழுந்தது. தொட்டியின் திறந்த வாயருகே முதல் துளி தயங்கியது.

"உள்ளே வரலாமா? உங்களுக்குப் பாரமாக இருப்பேனே?"

"வா தம்பி" என்றது தொட்டி, தாழ்ந்த குரலில். "உன் சுற்றத்தையெல்லாம் அழைத்துக்கொண்டு, எவ்வளவு கனமாக வர முடியுமோ அவ்வளவு கனமாக வா."